ஈத் துன்பக் குறியீடு

"அப்பா, ஈ நம்ம வூட்டுக்கு வந்துகீதே, அப்போ அதோட வூட்ல யாரு கீறாங்க?"

ஜூடி இதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. தட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்த ஈயை விரட்ட அவளுடைய அப்பா சிலுவைமுத்து கை ஓங்கிய நேரம் அது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். இருபது டன் பெட்டியை ஒரு சாண் பிசகாமல் கப்பலுக்குள் இறக்கத் தெரிந்த மனிதருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அவர் மனைவி ஹில்டாதான் அடுப்படியிலிருந்து, "யாரும் இல்லாங்காட்டிதான் இங்க வந்துகீது. சாப்ட்டுப் போவட்டும், வுடுங்க" என்றாள். ஓங்கிய கை இறங்கிவிட்டது.

முப்பது வருடம் ஓடிவிட்டது. ஜூடி மெல்போர்னில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள். ஹில்டா போன நவம்பரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், ஒரு அறையும் ஒரு அடுப்படியும் ஒரே ஒரு ஜன்னலும் கொண்ட அந்த வீட்டில் இப்போது சிலுவைமுத்து மட்டும் இருக்கிறார். ஈக்களும் இருக்கின்றன.

ஈக்கள் வந்ததற்குக் காரணம் அவருடைய நேர்மைதான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பகுதியின் சுத்தத்தைக் கவனிக்க வடகரை நலவாழ்வு வாரியம் என்று ஒன்று உண்டு. வாரியம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நலவாழ்வு அட்டை கொடுத்திருந்தது. வீட்டில் யாராவது இறந்தால் முப்பது நாளுக்குள் சொல்லிப் பெயரை நீக்க வேண்டும் என்று அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்கும். அந்தச் சந்தில் யாரும் பின்பக்கத்தைப் படித்ததில்லை. பக்கத்து வீட்டில் ஒன்பது வருடத்துக்கு முன் காலமான பெரியவர் இன்றைக்கும் அட்டைக் கணக்கில் மாதாமாதம் ஒரு பாக்கெட் பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டிருக்கிறார். சிலுவைமுத்து படித்தார். இருபத்தெட்டாம் நாள் திருவொற்றியூருக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், வாரிய அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் வரிசையில் நின்றார். அங்கிருந்தவர் அளவுகோலை வைத்து, ஹில்டாவின் பெயர் மேல் சிவப்பு மையில் நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். கோடு மிகவும் நேராக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, எதிர்வரிசை மூலையில் இருந்த பழைய தொட்டியை எடுத்துவிட்டு, சாத்தாங்காடு இரும்புச் சந்தைத் தகட்டில் செய்த புதுக் குப்பைத்தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து சிலுவைமுத்துவின் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினார்கள். நாலு சக்கரம், அதில் உருளுவது இரண்டு. சுவரில் ஓர் ஆணையை ஒட்டினார்கள். "இத்தெருவில் மிகக் குறைவான நபர்கள் வசிக்கும் இல்லம் எதுவோ, அதன் அருகில் தொட்டி அமைவதே பொதுநலம்" என்றது ஆணை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் கடைசியாக வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டது அந்தத் தொட்டிதான்.

ஏலம் முடிந்த மீன்கூடங்களின் மிச்சமெல்லாம் அதற்குள் வந்தது. இறால் தலை, கணவாய் மை, ஐஸ்பெட்டி கழுவிய தண்ணீர். ஈக்கள் முதலில் பத்து வந்தன. பொங்கலுக்கு நூறாயின. புனித வெள்ளிக்குள் எண்ண முடியாமல் போயிற்று.

சிலுவைமுத்து சும்மா இருக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்து அதில் கிராம்பு குத்தி வைத்தார். கறிக்கடையில் தொங்குவதைப் போல, பாலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி வாசலில் கட்டினார். சாம்பிராணி போட்டதில் அவருக்குத்தான் இருமல் வந்தது. ஒட்டும் அட்டை வாங்கி வைத்தார்; அதில் முதலில் ஒட்டிக்கொண்டது அவருடைய மூக்குக்கண்ணாடி. மின்சார மட்டையை ஒருநாள் வீசினார். பட் பட்டென்று சத்தம் கேட்டதும் ஹில்டா அடுப்படியிலிருந்து 'வுடுங்க' என்பதுபோல் இருந்தது. மட்டையை அலமாரி மேல் போட்டுவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் தேவப்பிரியம் வந்தாள். அந்தச் சந்தின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு அவள் தலைவி. அக்டோபர் ஜெபமாலை மாதம். பங்குக் கோவிலிலிருந்து மாதா சுரூபம் புறப்பட்டு, நாளுக்கு ஒரு வீடாகத் தங்கிச் செல்லும். மாதா வருகிற வீட்டில் அன்று மாலை அன்பியம் முழுக்கக் கூடி ஜெபமாலை சொல்லும். சுண்டலும் டீயும் கொடுப்பார்கள். முப்பத்தொரு வருடம் ஹில்டா மாதாவை வரவேற்றிருக்கிறாள். பீடத்தில் விரிக்க நீலத்துணியில் அவளே தைத்த விரிப்பு, துவைத்து மடித்து அலமாரியில் இருந்தது.

"உங்க வூட்டுக்குக் கடைசி வெள்ளிக்கிழமைண்ணே" என்று சொல்லிவிட்டு, மேலே பேச வாயைத் திறந்த தேவப்பிரியம், அப்படியே மூடிக்கொண்டாள். ஒரு ஈ உள்ளே போகப் பார்த்தது. முந்தானையால் வாயை மூடியபடி சொன்னாள்: "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. மாதா மூஞ்சில ஈ மொய்ச்சா நல்லாவா இருக்கும்? அக்டோபர் நாலாவது ஞாயிறு வந்து பாக்கறேன். ஈ கொறஞ்சிருந்தா சரி. இல்லன்னா இந்த வருஷம் அடுத்த வூட்டுக்கு நேராப் போயிடட்டும்."

"அடுத்த வருஷம்?"

தேவப்பிரியம் வாசலைப் பார்த்தாள். அடுத்த வருடப் பட்டியலை இந்த வருடப் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். ஒரு முறை விட்ட வீடு பிறகு வராது.

ஹில்டாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. மாதா வரும் அந்த ஒரு நாளுக்காகத்தான் சிலுவைமுத்து ஜனவரியிலிருந்து நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். இதை அவர் தேவப்பிரியத்திடம் சொல்லவில்லை. மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

வாரியத்தின் முதல் மாடியில் பறக்கும் பூச்சிகள் பிரிவு இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் திருமலை இருந்தார். அவர் மேசையில் ஒரு தட்டு வடை, மேலே வலைக்கூடை கவிழ்த்திருந்தது. வலையின் மேல் பத்துப் பதினைந்து ஈக்கள், கோரிக்கை மனுவோடு வந்தவை போலக் காத்திருந்தன.

"வீட்டு ஈயா, தெரு ஈயா?" என்று கேட்டார் திருமலை.

"வூட்ல கீதுங்க."

"அப்போ வீட்டு ஈ. அது வீட்டுக்காரர் பொறுப்பு."

"தெருத் தொட்டிலேர்ந்து வருதுங்க."

"அப்போ தெரு ஈ. தெரு ஈ தெருவுல இருக்கிற வரைக்கும் எங்க பொறுப்பு. உள்ள வந்துட்டா நாங்க நுழைய முடியாது."

"ஜன்னல் கம்பில குந்திகினு இருந்தா?"

திருமலை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு சுற்றறிக்கை வரணும்" என்றார் மரியாதையாக.

புகாரோடு மூன்று ஈக்களை மாதிரிக்காக ஒப்படைக்க வேண்டும்; உயிரோடு, ஓட்டை போட்ட மூடியுள்ள பாட்டிலில். சிலுவைமுத்து வீட்டுக்குத் திரும்பி, ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மூன்று ஈக்களை ஒரு சர்க்கரைத் துணுக்கோடு பிடித்து வைத்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி நின்றன. ஒன்றரை மணி நேரம் ஷேர் ஆட்டோவில் மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் படாமல் கைக்குட்டையால் மூடினார். அவை அவருடைய எதிரிகள் என்பது நடுவழியில் மறந்துபோயிற்று.

திருமலை பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு உயிரோட இருக்கு. ஒண்ணு இறந்துடுச்சு."

"வழில டிராபிக்குங்க."

"கொண்டுவந்தது மூணுன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணைக் கழிக்கணும்னா இறப்புப் பதிவுல போய்ச் சொல்லிட்டு வாங்க. மூணாவது மாடி. வழி தெரியுமா?"

"தெரியும்" என்றார் சிலுவைமுத்து.

மூன்றாவது மாடியில் அதே ஆள் இருந்தார். அதே அளவுகோல். '3' என்ற எண்ணின் மேல் சிவப்பு மையில் நேராக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் '2' என்று எழுதிக் கொடுத்தார். முகம் ஞாபகம் வந்தவர்போல, "போன தடவை வந்தீங்கல்ல?" என்றார். சிலுவைமுத்து ஆமாம் என்று தலையசைத்தார். "அடிக்கடி வர்ற மாதிரி ஆயிடுச்சு, பாவம்" என்றார் அந்த மனிதர். ஒரு வருடத்தில் சிலுவைமுத்துவிடம் யாரும் பாவம் என்று சொன்னதில்லை. முதல் மாடிக்கு இறங்கிப் போய்த் தாளைத் திருமலையிடம் கொடுத்தார்.

பத்து நாளில் ஆய்வுக்குழு வந்தது. தலைமை, உதவி ஈ அலுவலர் செல்வநாதன். கூட நாலு பேர். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் படமெடுக்க, நாலாமவர் மற்ற மூவரும் வந்திருக்கிறார்கள் என்று சான்றளிக்க. சிலுவைமுத்து ஹில்டாவின் நல்ல பீங்கான் கோப்பைகளை எடுத்துக் கழுவி ஐந்து டீ போட்டார். வீட்டில் ஐந்து பேர் நடமாடுகிற சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. அவர்கள் ஈ எண்ண வந்தவர்கள் என்பதுகூட ஒரு பொருட்டாக இல்லை.

"உட்கார்ந்த ஈயை மட்டும்தான் எண்ணுவோம்" என்று விளக்கினார் செல்வநாதன். "பறக்கிற ஈ இன்னும் ஒரு முடிவுக்கு வரலை. அது வெளியே போகலாம், உள்ளே இருக்கலாம். அதோட சுதந்திரத்தில் நாங்க தலையிடறதில்லை."

எண்ணியவரின் விரல் சொடுக்கி எண்ணும் கருவியில் இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. செல்வநாதன் கணக்கிட்டார். பிறகு வருத்தத்தோடு பேனாவை மூடினார்.

"ஐயா, எங்ககிட்ட ஈத் துன்பக் குறியீடுன்னு ஒண்ணு இருக்கு. ஈக்களின் எண்ணிக்கையை வீட்டில் உள்ள நபர்களால் பெருக்கணும். ஐந்நூறைத் தாண்டினாத்தான் நடவடிக்கை. உங்களுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பெருக்கல் ஒண்ணு. இருநூற்றுப் பன்னிரண்டுதான் வருது. துன்பம் போதலை."

"போதலீங்களா?"

"உங்க மனைவி இருந்திருந்தா நானூற்று இருபத்துநாலு. மகளும் கூட இருந்திருந்தா அறுநூற்று முப்பத்தாறு. இன்னிக்கே தொட்டியை எடுத்திருப்பேன்."

"அவ இருந்திருந்தா தொட்டியே வந்திருக்காதுங்க" என்றார் சிலுவைமுத்து.

செல்வநாதன் அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு வெளியே போய் அந்தச் சந்தில் ஒரு நோட்டம் விட்டார். பன்னிரண்டு அடி தள்ளி ஒரு பழைய உப்புக் குடோனின் பின்சுவர், ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை. சிலுவைமுத்து அதைக் காட்டினார்.

"அங்க வெச்சா யாருக்கும் தொந்தரவு இல்லீங்களே?"

"அங்க யாருமே இல்லையே, ஐயா. நபர்கள் பூஜ்யம். படிவம் பூஜ்யத்தை ஏத்துக்காது. ஒண்ணிலிருந்துதான் ஆரம்பம்." அவர் சிலுவைமுத்துவின் தோளைத் தட்டினார். "நீங்கதான் அந்த ஒண்ணு."

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வாரியத்தின் ஈ ஒழிப்பு வாரம் வந்தது. ஆய்வு நடந்த வீடுகளில் மிகக் குறைந்த துன்பக் குறியீடு பெற்றது எதுவென்று பார்த்தார்கள். சிலுவைமுத்துவின் வீட்டை முன்மாதிரி இல்லமாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை சந்தில் பந்தல் போட்டு, தொட்டிக்கு ஜரிகைத்தாள் சுற்றி, பக்கத்தில் மேடை அமைத்தார்கள். வாரியத் தலைவர் பேசினார். பேசும்போது இடது கையால் முகத்துக்கு முன்னால் ஓயாமல் விசிறிக்கொண்டார். கூட்டம் அதைக் கையசைப்பு என்று நினைத்துத் திருப்பிக் கையசைத்தது.

"நண்பர்களே! பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பிரிவில் நாங்கள் மூன்று பேர். ஒரு நாற்காலி. அன்று இப்பகுதியில் ஈக்களும் சொற்பம். இன்று நூற்று நாற்பது பேர், நான்கு ஜீப், தனிக் கட்டடம். ஈக்களும் அதற்கேற்ப வளர்ந்திருக்கின்றன. எங்களைப் பார்த்து, ஈக்களை ஏன் ஒழிக்கவில்லை என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். ஒழித்துவிட்டால் அடுத்த ஆண்டு எதை ஒழிப்பது? பொறுப்புள்ள நிர்வாகம் நாளையைப் பற்றியும் யோசிக்க வேண்டாமா? இந்தச் சந்தில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். முப்பது குடும்பம் பட வேண்டிய துன்பத்தை ஒருவராகத் தாங்குகிறார். இப்படி வீட்டுக்கு ஒருவர் மட்டும் இருந்துவிட்டால் இந்த நகரத்தில் துன்பமே இருக்காது!"

கைதட்டல் எழுந்தது. சிலுவைமுத்துவுக்குச் சால்வை போர்த்தினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கும்போதே அதன் மேல் ஈ ஒன்று உட்கார்ந்தது; படமெடுப்பவர் அது பறந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம். நானூறு பேர் சாப்பிட்டார்கள். நானூறு பொட்டலத்தின் எலும்பும் தயிர்ப்பச்சடியும் தொட்டிக்குள் போயின; தொட்டி நிறைந்ததும், தொட்டிக்கு வெளியே.

அன்று மாலை கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு சிலுவைமுத்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் பலகையின் மறுபக்கம் மழை பெய்வதுபோல் இரைச்சல் கேட்டது. எட்டு நாளில் தேவப்பிரியம் பார்க்க வருவாள். நீலவிரிப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தார். ஜெபமாலையைக் கையில் எடுத்தார். கேட்பதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய விஷயத்துக்காக மாதாவிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஈயைப் போய் எப்படிச் சொல்வது? கேட்காமலே ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் ஞாயிறு. முதல் பூசை முடிந்து திரும்பி வந்தவர் சந்து முனையிலேயே நின்றுவிட்டார். ஜன்னலுக்குக் கீழே தொட்டி இல்லை. அது பன்னிரண்டு அடி தள்ளி, உப்புக் குடோனின் மொட்டைச் சுவரை ஒட்டி நின்றது. இத்தனை நாள் அது இருந்த இடம் சுரண்டிக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, கோலமிடக் காத்திருக்கும் வாசல் மாதிரி வெளுத்திருந்தது. துப்புரவுத் தொழிலாளி ராஜாத்தி குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். புளியந்தோப்பிலிருந்து வருகிறவள். ஒப்பந்த ஆள்.

"இன்னாம்மா இது?"

"கத்தாத நைனா. யாருனா கேக்கப்போறாங்க. இன்னிக்கு எனக்கு லீவு."

"லீவுல வந்தா செஞ்ச?"

"ட்யூட்டில செஞ்சா குத்தம். தொட்டிக்கு உள்ள லாரிக்காரன் பாக்கணும். தொட்டிக்கு வெளிய பெயின்ட் பிரிவு. தெரு என்னுது. தொட்டிக்கு அடில கீற தரை யாருதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது, அது மேப்புலயே இல்லியாம். ஆனா புழு நெளியறது அங்கதான். பத்து மாசமா மீன்தண்ணி எறங்கி ஒரே கலீஜு. நீ வூட்டுக்குள்ள ஈயத் தொரத்திகினு கீற. ஈயத் தொரத்தினா போவாது நைனா. அது முட்ட வைக்கற எடத்தக் கழுவணும். வாராவாரம் கழுவினா கிட்டவே வராது."

"தனியாவா தள்ளின?"

"ரெண்டு சக்கரம் ஓடுது இல்ல, போதும்."

சிலுவைமுத்து சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டார். "உன் பேரு போட்டு வாரியத்துக்கு நல்லதா ஒரு லெட்டர் எழுதறேம்மா."

ராஜாத்தி பதறிப்போனாள். "ஐயோ, பேஜாரு பண்ணிடாத நைனா! ஆர்டர் இல்லாம தொட்டிய நவுத்தினா ஆளையே தூக்கிக் குப்பமேட்டுக்கு மாத்திடுவான். நல்லது பண்றேன்னு என்ன காலி பண்ணிடாத."

"பின்ன ஏம்மா செஞ்ச?"

அவள் கையை உதறிக் காயவிட்டாள். "அக்கா எனக்கு டீ குடுக்கும்."

"யாரு, ஹில்டாவா?"

"தெனம் ஆறரை மணிக்கு. நீ தூங்கினு இருப்ப. கிளாஸ வெளிய நீட்டாது. உள்ள வா, குந்து, குடிச்சிட்டுப் போன்னும். அதோ அந்த நாற்காலிலதான் குந்துவேன். இந்த லைன்ல முப்பது வூடு கீது நைனா. நாற்காலில குந்தவச்ச வூடு ஒண்ணுதான்."

திறந்திருந்த கதவு வழியே சிலுவைமுத்து அந்த நாற்காலியைப் பார்த்தார். அது அவர் செய்தித்தாள் படிக்கிற நாற்காலி. முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும், ஹில்டாவின் ஒரு நாளில் ஆறரை மணி என்று ஒன்று இருந்தது அவருக்குத் தெரியாது. ஒரு டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றுவதற்குள் ராஜாத்தி துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு சந்து முனையைத் தாண்டிவிட்டாள்.

திங்களன்று வீட்டில் பாதி ஈ இல்லை. புதன்கிழமை விரல் விட்டு எண்ணலாம் போலிருந்தது. ஞாயிறு மதியம் தேவப்பிரியம் வந்தாள். நடு அறையில் நின்று சுற்றிப் பார்த்தாள். முந்தானையைக் கீழே விட்டாள். "பட்டாணி நாளைக்கே வாங்கிடுங்கண்ணே. வெள்ளிக்கிழம ஊற வைக்க மறந்துடப் போறீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாதா வந்தார். நீலவிரிப்பின் மேல், மல்லிகை மாலையோடு. இருபத்தாறு பேர் வந்து பாயிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். அடுப்படிக்குள் கூட இரண்டு பெண்கள் முட்டி போட்டிருந்தார்கள். ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணியை, மூன்றாம் காரணிக்கத்தை, சொல்லும்போது எங்கிருந்தோ ஒரே ஒரு ஈ வந்து, மாதாவின் பாதத்தருகே விரிப்பில் உட்கார்ந்தது. தேவப்பிரியம் பார்த்தாள். சிலுவைமுத்துவும் பார்த்தார். அது முன்கால்களைச் சேர்த்துத் தேய்த்துக்கொண்டு அங்கேயே இருந்தது. இருவரும் அதை ஒன்றும் செய்யவில்லை. சுண்டலில் உப்பு அதிகம்; யாரும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் மாலை மாதா அடுத்த வீட்டுக்குப் போனார். விரிப்பை மடித்தபோது வீடு மிகவும் அமைதியாக இருந்தது. ஈயின் ரீங்காரம்கூட இல்லை.

"ஈயெல்லாம் போச்சாப்பா?" என்று ஞாயிறு போனில் கேட்டாள் ஜூடி.

"போச்சும்மா."

"சின்ன வயசுல நான் ஏதோ கேப்பேனாமே, ஈயோட வூட்ல யாரு கீறாங்கன்னு? அம்மா சொல்லிச் சிரிக்கும்."

"ஆமா, கேப்ப."

சிலுவைமுத்து போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு ஜூடி வேறு ஏதோ சொன்னாள்.

சிலுவைமுத்துவின் நேர்மை இன்னும் ஒரு காரியம் செய்தது. ஈக்கள் போய்விட்டதால் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று வாரியத்துக்கு எழுதினார். யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. வாரியம் பதில் போட்டது. "இரு சாட்சிகளின் கையொப்பமின்றிச் செய்யப்பட்ட துப்புரவு, செய்யப்பட்டதாகக் கருதப்பட மாட்டாது. எனவே தங்கள் இல்லத்தில் ஈக்கள் தொடர்ந்து இருப்பதாகவே வாரியம் கருதுகிறது. துப்புரவு செய்தவர் யார், கண்டவர்கள் யார் என்பதைத் தெரிவிக்கவும்." வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அரசாங்கக் கேள்விக்குச் சிலுவைமுத்து பதில் எழுதவில்லை. கடிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்குக் கீழே வைத்தார். மேசை நின்றது.

நவம்பர் முதல் வாரம் ராஜாத்தி வலது கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். கெளுத்தி மீன் முள் குத்தி உள்ளங்கை வீங்கியிருந்தது.

"டாக்டரு ஒரு வாரம் தண்ணில கை வைக்காதன்னுட்டாரு. பதிலாளு அனுப்பறேன்றான் மேஸ்திரி. எவன் வருவான்? ஒரு வாரம் கழுவலன்னா தொட்டி நாறும் நைனா. நாறினா யாருனா புகார் குடுப்பான். வந்து பாத்தா தொட்டி எடம் மாறினது தெரிஞ்சிடும். அப்பால நான் குப்பமேடுதான்."

"பாத்துக்கலாம், போய் ஊசி போட்டுக்க" என்றார் சிலுவைமுத்து.

பதிலாள் வரவில்லை. ஐந்தாம் நாள் குடோன் சுவரோரம் ஈக்கள் மறுபடி இரையத் தொடங்கின. அன்று நடுப்பகல் இரண்டு மணிக்கு, ஏலக்காரர்கள் தூங்கி, பெண்கள் சீரியலுக்கு உட்கார்ந்து, சந்தில் ஒரு நாய்கூட இல்லாத நேரத்தில், சிலுவைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கையில் வாளி, தென்னந்துடைப்பம், பிளீச்சிங் பவுடர். முப்பது வருடம் கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே இருக்கிற எதையும் கையால் தொடாமல் தூக்கியவர் அவர். தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். பிசுபிசுத்தது. ஓடுகிற இரண்டு சக்கரமும் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கமாகத் தள்ளினார்.

கீழே இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. அவர் இரண்டு முறை சுவரோரம் போய் ஓங்கரித்துவிட்டு வந்தார். பிறகு குனிந்து சுரண்டினார். பத்து வாளித் தண்ணீர். துடைப்பத்தின் குச்சிகள் முறிந்தன. பவுடரைத் தூவி, தொட்டியைத் திரும்பத் தள்ளி, சக்கரங்கள் பழைய தடத்திலேயே பொருந்துகின்றனவா என்று கப்பலில் பெட்டி இறக்கும்போது பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு சாண் பிசகவில்லை. குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக்கொண்டு, சந்தின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

ராஜாத்தி திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வேலைக்குத் திரும்பினாள். முதலில் குடோன் சுவரோரம் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு சிலுவைமுத்துவின் வாசலுக்கு வந்தாள். அவர் எழுந்து, குளித்து, அடுப்பில் டீயோடு இருந்தார். நாற்காலியிலிருந்து செய்தித்தாள் எடுக்கப்பட்டிருந்தது.

"உள்ள வா, குந்து" என்றார்.

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். டீயை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

"பரவால்ல நைனா, இந்தத் தபா பதிலாளு நல்ல ஆளாத்தான் அனுப்பிகீறான். என்னவிட சுத்தமாக் கழுவிகீறான். நீ பாத்தியா அவன?"

"இல்லியேம்மா. நான் தூங்கினு இருந்தேன்" என்றார் சிலுவைமுத்து. தன் டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டார்.